சீல் வைத்த நாலு சில்லு

"ஒரு இருளப் பொண்ணு கையில லேப் சாவிய குடுத்தேன் பாரு, அதான் நான் பண்ண தப்பு," என்றார் தங்கவேலு. சொல்லிவிட்டு எங்களுக்குப் பாதாம் பால் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பாலை அவருடைய வெள்ளைச் சட்டையிலேயே கவிழ்த்துவிடலாமா என்று யோசித்தேன். மேடம் என் முழங்கையை லேசாகத் தட்டினார். 'அப்புறம்' என்று அர்த்தம்.

ஞானசுந்தரி மேடம் மின்வாரியத்தில் கரண்ட் திருட்டைப் பிடிக்கும் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். ஒருநாள் மேலதிகாரியோடு சண்டை முற்றி, வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தார். அவருக்குக் கீழே கம்பம் ஏறிக்கொண்டிருந்த ஏழுமலையாகிய நானும் இறங்கி அவர் பின்னாலேயே வந்துவிட்டேன். மேடத்தின் கைப்பையில் இன்றைக்கும் ஒரு டெஸ்டர் இருக்கும். கோபத்தை அடக்கும்போதெல்லாம் அதை விரலால் திருகுவார். அப்போதும் திருகிக்கொண்டுதான் இருந்தார்.

நாங்கள் இருந்த இடம் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில் ஒரு பழைய நெல் குடோன். ரைஸ்மில் முதலாளி தங்கவேலு அதற்குள் கண்ணாடித் தடுப்பும் ஏசியும் போட்டு விளக்கு ஆராய்ச்சிக் கூடமாக மாற்றியிருந்தார். ஆராய்ச்சி அவருக்குப் புரியாது. புரிந்தவர் என்று அவர் நம்பியது பக்கத்தில் நின்ற தலைமை விஞ்ஞானி ஸ்ரீகாந்தை. டாக்டர் பட்டம், கழுத்தில் அட்டை, இரண்டு கையிலும் இரண்டு போன்.

"காணாம போனது இன்னா?" என்றார் மேடம்.

"நாலு டிவைஸ். குவாண்டம் டாட் எல்.இ.டி. சொன்னா உங்களுக்குப் புரியாது மேடம்," என்றார் ஸ்ரீகாந்த்.

"கரண்ட்ல எரியறதுதானே? சொல்லிப் பாருங்க."

ஸ்ரீகாந்த் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார். தபால்தலை அளவுக்குக் கண்ணாடிச் சில்லு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத பொடித் துகள்களைப் பூசியிருக்கும். கரண்ட் கொடுத்தால் துகள்கள் நிறம் நிறமாக ஒளி விடும். நாளைக்கு டிவி, போன் எல்லாம் இதில்தான் வரப்போகிறது. ஒரே தொல்லை லீக்கேஜ். கொடுக்கிற கரண்டில் பாதி வெளிச்சமாக மாறாமல் கசிந்து போய்விடுகிறது.

"அந்த லீக்கேஜை இந்த லேப் குறைச்சிருக்கு. ஐ மீன், நான் குறைச்சிருக்கேன்," என்றார். "பத்து நாள் முன்னாடி, வாங்கறதுக்கு பெங்களூர்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க. டெமோல போட்டா மீட்டர் எகிறுது, வெளிச்சத்தைக் காணோம். கரண்ட் எல்லாம் லீக். எங்க மானமே போச்சு. நல்ல பீஸை எடுத்துட்டு, அந்த இடத்துல பழைய குப்பைப் பீஸை வச்சிருக்கா சந்தியா."

"அந்தப் பொண்ணுதான்னு எப்படி சொல்றீங்க?"

"மாசி மகத்துக்கு லீவு போட்டுட்டு மாமல்லபுரம் போனா. பீரோ சாவி என்னைத் தவிர அவகிட்ட மட்டும்தான். டெமோ அன்னிக்குக் காலைலதான் திரும்பி வந்தா. கடற்கரையில எவனுக்கோ வித்துட்டு வந்திருக்கா. வேற என்ன வேணும்?"

"குப்பைப் பீஸ் எங்க கீது?"

"டெமோ முடிஞ்ச உடனே, வந்தவங்க முன்னாடியே டப்பால போட்டு அரக்கு வச்சு சீல் பண்ணிட்டேன். ஓனர் பீரோல, ஓனர் சாவில இருக்கு. சாயந்திரம் எழுத்துல கம்ப்ளைண்ட். கூடவே டப்பாவும் ஸ்டேஷனுக்குப் போகுது. அதுக்குள்ள அவ யாருக்கு வித்தா, எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு நீங்க கண்டுபிடிச்சா சந்தோஷம். ராத்திரி எனக்கு ஃபிளைட் இருக்கு."

"எழுத்துல கம்ப்ளைண்ட் சாயந்திரம்தானே?" மேடத்தின் விரலில் டெஸ்டர் வேகமாகச் சுற்றியது. "அந்தப் பொண்ணோட அப்பா பெரியசாமி காலையிலேர்ந்தே ஸ்டேஷன்ல குந்திக்கினு கீறாராமே?"

தங்கவேலு கையை ஆட்டினார். "அது சும்மா விசாரணைக்கும்மா. ஒரு போன் போட்டேன், வந்து இட்டுக்கினு போனாங்க. பொருளு கெடச்சா விட்டுடுவாங்க."

"கெடைக்கலன்னா?"

அதற்கு அவர் பாதாம் பாலைக் குடிக்கச் சொன்னார். எழுத்தில் புகார் இல்லை. பார்த்த சாட்சி இல்லை. பொண்ணு மேல் சந்தேகம் என்றால் அப்பனைத் தூக்குவார்களாம். இருளர் வீட்டு மனிதனைத் தூக்க ஒரு போன் போதுமாம். இதே டாக்டர் மேல் சந்தேகம் என்றால் அவருடைய அப்பாவுக்கு ஜீப் போகுமா? பாலைத் தொடாமலே எழுந்து வந்தோம்.

வாசலில் வேப்பமரத்துப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் இன்ஜின் ஓடியபடி நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. டிரைவர் சிவகுமார் வெளியே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, காருக்கு ஜொரமா? ஏசி போட்டு தூங்க வெச்சிக்கினு கீற?" என்றேன்.

"ஸ்ரீகாந்த் சார் ஆர்டருண்ணா. ஏர்போர்ட் போற வரைக்கும் ஏசிய நிறுத்தக் கூடாதாம். நான் உள்ள குந்தவும் கூடாதாம்."

"அப்ப ஏசி யாருக்கு?"

"சீட்டுக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். டிவிஎஸ் எக்ஸெல்லைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்று கோபம் வந்தது. சீட்டுக்குக் குளிர்காற்று, மனிதனுக்கு வெயிலா? மேடத்திடம் சொன்னேன். "அதையும் அப்புறம்ல சேத்து வெச்சிக்கோ," என்றார்.

திருப்புலிவனம் தாண்டி, வயலெல்லாம் முடிகிற இடத்தில் இருளர் குடியிருப்பு. சந்தியாவின் வீட்டை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. சாமான்கள் வெளியே கிடந்த வீடு அது ஒன்றுதான். அவளுடைய அம்மா முனியம்மாள் மண்ணில் சிதறிய அரிசியை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அரிசிக் குண்டானுக்குள்ள லைட்டு கீதான்னு கவுத்துப் பாத்தாங்கம்மா," என்றார் மேடத்திடம். "இன்னா லைட்டும்மா அது? அரிசியில மொளைக்கிறதா? நாஷ்டா துன்னுக்கினு இருந்த மனுசன், கைகூட கழுவ வுடல."

சந்தியா உள்ளே இருந்து வந்தாள். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள். அழுத முகமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகம்.

"நீங்களும் தேடணுமா? தேடிக்குங்க. கவுக்க இன்னும் ரெண்டு சட்டி கீது."

"தேட வரல. கேக்க வந்தேன்," என்றார் மேடம். "கரண்டு ஏன் கசியுது, அத நீ எப்படி நிறுத்துன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

கேட்ட கேள்வி அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "கண்ணாடி மேல அடுக்கடுக்கா பூச்சு மேடம். நடு அடுக்குதான் டாட், அந்தப் பொடித் துகளு. ஒரு பக்கத்துலேர்ந்து எலக்ட்ரான் வரும், எதிர்ப்பக்கத்துலேர்ந்து அதுக்கு ஜோடி வரும். நடுவுல ஜோடி சேந்தா வெளிச்சம். ஆனா எலக்ட்ரான் வேகமா ஓடியாந்து, ஜோடி சேராமயே அந்தாண்ட போயிடும். கரண்டு செலவாவும், வெளிச்சம் வராது. அதான் கசிவு."

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள, ஊரு வந்ததுகூட தெரியாம பஸ்ஸுலயே தூங்கிக்கினு போன மாதிரி," என்றேன்.

"அதேதாண்ணா. நான் நடுவுல ரொம்ப மெல்லிசா ஒரு தடுப்புப் பூச்சு குடுத்தேன். எலக்ட்ரான் கொஞ்சம் நின்னு வரும். பாதிக் கசிவு அதுலயே போச்சு."

"பழைய குப்பைப் பீஸ வெச்சிட்டன்னு சொல்றாரே, அந்த மாதிரி பீஸு லேப்ல கீதா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். தேறாத பீஸ அன்னன்னிக்கே நான் ஒடச்சிப் போட்டுடுவேன்."

"அப்ப டெமோல வெச்சது எங்கேர்ந்து வந்துது?"

"நானும் அதையேதான் யோசிக்கினு கீறேன். யாரோ புதுசா செஞ்சிருக்கணும். புதுசுன்னா கசியத்தான் செய்யும். எந்தப் பீஸும் செஞ்ச கையோட நல்லா எரியாது. மேல கண்ணாடி மூடி ஒட்டி ஒரு வாரமாவது ஊற வுடணும். அப்புறந்தான் நான் மீட்டர்லயே போடுவேன்."

அதுவரை மேடத்தின் விரலில் சுற்றிக்கொண்டிருந்த டெஸ்டர் நின்றது.

"இது ஸ்ரீகாந்துக்குத் தெரியுமா?"

"மீட்டிங்ல சொன்னேன். அவரு போன் பாத்துக்கினு இருந்தாரு. பீஸு ரெடியானப்புறம் போட்டோ புடிக்கத்தான் லேபுக்குள்ளயே வருவாரு."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"பீஸ என் கையில குடுங்க, பாத்துட்டு சொல்றேன்னேன். ஆதாரத்த அழிக்கப் பாக்குறியான்னு கத்தி, என்ன வெளிய தள்ளிட்டு கேட்ட சாத்திட்டாங்க."

"மாமல்லபுரத்துல நீ இருந்ததுக்கு சாட்சி?"

முனியம்மாள் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சாட்சியா? மாசி மகத்துக்கு எங்க சனம் மொத்தமும் கடக்கரையிலதான் கொட்டாய் போட்டுக்கினு கெடக்கும். எங்க கன்னியம்மா சாமிக்கு முன்னாடி விடியக்காலம் இவ சித்தப்பா பொண்ணுக்குத் தாலி கட்டுச்சு. இவதான் தோழிப் பொண்ணு. எத்தினி ஆயிரம் சாட்சி வோணும்?"

மேடம் எழுந்துவிட்டார். "வண்டிய எடு ஏழுமலை. சந்தியா, நீயும் வா."

"மூணு பேரா? மேடம், இது எக்ஸெல்லு. ஷேர் ஆட்டோ இல்ல."

"ஏறு."

வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். மாங்காய் ஊறினால் ஊறுகாய், அரிசி ஊறினால் மாவு, கண்ணாடி ஊறினால் என்ன வரும் என்று.

சந்தியாவைப் பார்த்ததும் ஸ்ரீகாந்த் குதித்தார். "இவளை எதுக்கு உள்ள விட்டீங்க? போலீஸை வரச் சொல்லவா?"

"சொல்லுங்க சார். எப்படியும் வரத்தான் போறாங்க," என்றார் மேடம் பவ்வியமாக. அவருடைய பவ்வியம் எனக்குத் தெரியும். மீட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் இப்படித்தான் குடிக்கத் தண்ணீர் கேட்பார். "டப்பா ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி, அதுல இருக்கறது குப்பைன்னு நான் ஒரு தடவ கண்ணால பாக்கணும். என் ரிப்போர்ட்டுக்கு. ஏழுமலை போன்ல புடிச்சிப்பான்."

"தாராளமா," என்றார் ஸ்ரீகாந்த். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

தங்கவேலு பீரோவைத் திறந்து டப்பாவை மேஜையில் வைத்தார். நான் போனை உயர்த்தினேன்.

"இது நீங்க வெச்ச சீல்தானா சார்? நல்லாப் பாத்து சொல்லுங்க," என்றார் மேடம்.

"நான் வச்சதுதான். இதோ என் கையெழுத்து. இது பெங்களூர்க்காரங்க கையெழுத்து."

"யாரும் தொறந்த மாதிரி தெரியுதா?"

"சான்ஸே இல்ல. அரக்கு அப்படியே இருக்கு."

"சாவி?"

"என் இடுப்புலதாம்மா. குளிக்கறப்பகூட கயட்டல," என்றார் தங்கவேலு.

"சந்தோஷம். சார், நீங்களே போட்டுக் காட்டிடுங்க. நாங்க தொட்டா தப்பாப் போயிடும்."

ஸ்ரீகாந்த் அரக்கை உடைத்தார். ஒரு சில்லை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவில் பொருத்தினார். "பாத்துக்கோங்க. மீட்டர் எகிறும், லைட் வராது," என்று சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினார்.

பச்சை வெளிச்சம் வந்தது. நடவுக்குத் தயாராக நிற்கிற நாற்றின் பச்சை. தங்கவேலுவின் சட்டையெல்லாம் பச்சையானது. மீட்டரில் கரண்ட் கொஞ்சம்தான் காட்டியது.

ஸ்ரீகாந்த் அந்தச் சில்லைப் பிடுங்கிவிட்டு அடுத்ததைப் பொருத்தினார். அதுவும் எரிந்தது. மூன்றாவதும் எரிந்தது. நாலாவதை அவர் எடுக்கவே இல்லை.

அந்த ஆளின் மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். சட்டென்று சிரித்தார். "அப்போ இதுதான் ஒரிஜினல்! எதுவும் திருடுபோகல. டெமோ அன்னிக்கு வயர் லூஸ் கனெக்‌ஷனா இருந்திருக்கும். சாரி சந்தியா. சார், கம்ப்ளைண்டே வேண்டாம். எல்லாம் முடிஞ்சது."

தங்கவேலுவுக்குப் போன உயிர் வந்தது. "அப்பாடா! பேஜாரு வுட்டுது!"

மேடம் கைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். இனிமேல் திருகத் தேவையில்லை என்று அர்த்தம்.

"லூஸ் கனெக்‌ஷன்ல கரண்டு கொறையும் சார். எகிறாது. கம்பம் ஏறுறவனுக்குக்கூட தெரியும். அன்னிக்கு மீட்டர் எகிறுச்சுன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்குக் கசிஞ்சது நெசம். இன்னிக்குக் கசியாததும் நெசம். நடுவுல டப்பாவ யாரும் தொடலன்னு நீங்களே இப்ப சொன்னீங்க. அப்ப டப்பாவுக்குள்ள இன்னா நடந்துது? சந்தியா, நீ சொல்லு."

சந்தியா ஸ்ரீகாந்தைப் பார்த்துச் சொன்னாள். "மூடி ஒட்டுற பசை ஒரு புளிப்பு ஜாதி, லேசா ஆசிட் சார். அது மெல்ல உள்ள எறங்கி, கரண்டு கசியற எடத்தையெல்லாம் ஒண்ணொண்ணா அடக்கும். அதுக்குத்தான் ஊற வுடுறது. டெமோ அன்னிக்கு இந்தப் பீஸுங்க புத்தம் புதுசு, ஊறல. நீங்க சீல் வெச்சு இருட்டுல பத்து நாள்கிட்ட வெச்சீங்க. ஊறிடுச்சி. நான் செஞ்சு வெச்ச பீஸுங்க நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே ஊறினது. அதுங்க டெமோல கசியவே கசியாது."

"அதாவது," என்றார் மேடம், "இந்த நாலும் மாசி மகத்தப்போ செஞ்சது. அப்ப இவ கடக்கரையில தோழிப் பொண்ணு. லேப்ல இருந்தது நீங்க. இன்னொரு பீரோ சாவியும் உங்ககிட்ட. இவ பீஸ நீங்க எடுத்துக்கினீங்க. கணக்குக்கு நாலு வேணுமேன்னு இவ முறையப் பாத்து நாலு செஞ்சு வெச்சீங்க. அதுவும் அதே மாதிரி எரியும், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சீங்க. எரியல. எரியாததுக்கு ஒரு ஆளு வேணும். கையில சிக்குனது இந்தப் பொண்ணு."

"கதை!" என்று கத்தினார் ஸ்ரீகாந்த். "நான் எடுத்தேன்னா எங்க? என் ரூமைத் தேடுங்க, என் பையைத் தேடுங்க!"

அறையைச் சொன்னார், பையைச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா சந்தியா, அந்தச் சில்லு வெயில் தாங்குமா?"

"தாங்காதுண்ணா. சாத்தின காருக்குள்ள வெச்சா ஒரே மத்தியானத்துல செத்துடும்."

"சீட்டுக்குப் போட்ட ஏசின்னு நெனச்சோம் மேடம்," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

சிவகுமார் கதவைத் திறந்துவிட்டான். முன்சீட்டு டேஷ்போர்டு அறையில், ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களுக்கு நடுவில் ஒரு சின்ன டப்பா. உள்ளே நாலு சில்லு. சந்தியா ஒன்றை வாங்கி மேஜையில் பொருத்தினாள். தங்கவேலு இரண்டாம் தடவையும் பச்சையானார்.

இதுவரைக்கும் அவர் என்றே எழுதிக்கொண்டு வந்தேன். இனிமேல் என்னால் முடியாது. ஸ்ரீகாந்த் நாற்காலியில் உட்கார்ந்தான். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி நாளைக் காலை வரச் சொல்லியிருப்பதாகவும், தன்னுடைய கண்டுபிடிப்பு என்று சொல்லி வைத்திருப்பதாகவும், தப்புதான் என்றும் சொன்னான். தங்கவேலுவைப் பார்த்துச் சொன்னான். சந்தியாவின் பக்கம் திரும்பவே இல்லை.

தங்கவேலு தொண்டையைச் செருமினார். "சரி, ஆனது ஆச்சு. டாக்டருக்குப் படிச்ச புள்ள, பெரிய எடம். வெளிய தெரிஞ்சா அவன் வாய்க்கையே பூடும். நாமளே உள்ளுக்குள்ள பேசிக்கலாம். ஏம்மா, நீ நாளைக்கே வேலைக்கு வந்துடு. உங்கப்பன வுடச் சொல்லி போன் போட்டுடறேன். பஸ்ஸு புடிச்சி வந்துடுவாரு."

அவனுடைய வாழ்க்கை போய்விடுமாம். எச்சில் கையோடு இழுத்துக்கொண்டு போனார்களே, அவருக்கு இருந்தது என்னவாம்? என் வாய் திறந்துவிட்டது. இந்தத் தடவை மேடம் முழங்கையைத் தட்டவில்லை. ஆனால் எனக்கு முன்னால் சந்தியா பேசிவிட்டாள்.

"பஸ்ஸுல வர வேணாம் சார்."

"இன்னாம்மா?"

"ஜீப்புலதானே இட்டுக்கினு போனாங்க? ஊரே பாத்துது. ஜீப்புலயே கொண்டாந்து வுடட்டும். எங்கப்பா இங்க எறங்கணும். இவரு ஏறணும்." மேஜைமேல் இருந்த சில்லுகளை எல்லாம் அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "அதுவரைக்கும் இந்தப் பீஸு எதுவும் என் கைய வுட்டுப் போவாது."

தங்கவேலு மேடத்தைப் பார்த்தார். "வீடியோ ஏழுமலை போன்ல கீது," என்றார் மேடம். "நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

தங்கவேலு போனை எடுத்தார். காலையில் ஒரு நிமிஷத்தில் பேசி முடித்தவருக்கு இப்போது வெகுநேரம் ஆனது.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஜீப் வந்தது. பின்பக்கத்திலிருந்து பெரியசாமி இறங்கினார். லுங்கி, பனியன், ஒரு காலில் மட்டும் செருப்பு. இடது கன்னம் வீங்கியிருந்தது. சந்தியா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஸ்ரீகாந்த் சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தான். இரண்டு போனையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நேராக ஜீப்பின் முன்பக்கம் போனான். டிரைவருக்குப் பக்கத்துக் கதவில் கை வைத்தான். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். ஒருவர் வழிகூட விட்டார்.

"அது போலீசு குந்துற எடம் சார்," என்றார் பெரியசாமி. வீங்கிய கன்னத்தோடு அவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. "நீங்க பின்னால ஏறணும்."

ஸ்ரீகாந்த் கதவிலிருந்து கையை எடுத்தான். பின்பக்கம் போய் ஏறினான்.